சின்னப் பசங்க ஃபுட்பால் டீமுக்கு நாலு பிளே போதும்

அமெரிக்கன் ஃபுட்பாலில் சிறுவர்களுக்குக் கோச்சாகப் போகிறவர்கள் பலரும் என்எஃப்எல் (அமெரிக்கத் தொழில்முறை லீக்) பார்த்த சூட்டில் முப்பது பிளே, அதாவது யார் எங்கே ஓட வேண்டும் என்ற ஆட்டத் திட்டம், எழுதிக்கொண்டு வருவார்கள். எட்டு வயதுப் பையனுக்கு அதில் பாதி பெயர்கூட நினைவிருக்காது. 4 முயற்சிக்குள் 10 யார்டு நகர வேண்டும், அவ்வளவுதான். இந்த வயதில் பந்தை வீசுவதைவிட, பிடித்துக்கொண்டு ஓடுவதுதான் கைகொடுக்கும்.

நான் சொல்வது இதுதான்: ஒரே மாதிரித் தொடங்கும் நாலு பிளேயை எடுத்துக்கொள்ளுங்கள். நேராக நடுவில் ஒரு ஓட்டம். ஓரமாகச் சுற்றிப்போகும் ஸ்வீப். ஸ்வீப் போலவே கிளம்பி, பந்து மட்டும் எதிர்ப்பக்கம் போகும் கவுண்டர். அதே நடிப்பில் ஒரு சின்ன பாஸ். ஸ்வீப் இரண்டு மூன்று தடவை நன்றாக ஓடிய பிறகுதான் கவுண்டரை எடுங்கள். எதிரணிப் பிள்ளைகள் மொத்தமும் ஒரு பக்கம் பாயும், மறுபக்கம் காலியாகக் கிடக்கும்.

அதற்கு முன்னால் பந்து கைமாறுவதைப் பாருங்கள். வாங்கும் பையன், குவார்ட்டர்பேக் (பந்தைக் கொடுக்கும் பையன்) நிற்கும் பக்கத்து முழங்கையை மேலே தூக்கி, முன்கையை நெஞ்சுக்குக் குறுக்கே வைக்க வேண்டும். மற்றக் கை வயிற்றுக்குக் கீழே, உள்ளங்கை மேல்நோக்கி. முழங்கை மாறிவிட்டால் பந்து அதில் இடித்துத் தரையில் உருளும். பிறகு எல்லாரும் அதன் மேல் விழுவார்கள், வேடிக்கைதான்!

தினமும் பயிற்சியின் முதல் 10 நிமிடம் ஸ்னாப்புக்கும் (பிளே தொடங்கப் பந்தைப் பின்னால் குவார்ட்டர்பேக்கிடம் கொடுப்பது) இந்தக் கைமாற்றத்துக்கும் மட்டும் ஒதுக்குங்கள். தடுப்பாட்டக்காரர்கள் யாரும் எதிரில் வேண்டாம்.