பழைய டோப்போ ஷீட்டில் ஒரு தொழில்நகரின் புறநகர் வளர்வதைப் பார்ப்பது எப்படி?

கார் ஆலைகளின் ஊரான டெட்ராய்ட் வடக்கே பரவியதைப் பழைய டோப்போ ஷீட்டுகளில் (நிலத்தின் மேடுபள்ளம், சாலைகள், கட்டடங்களைக் காட்டும் வரைபடத் தாள்கள்) தேடியபோது கற்றுக்கொண்ட வழி இது. எடுத்துக்காட்டு, வாரன் என்ற புறநகர்.

1. அமெரிக்கப் புவியியல் ஆய்வு நிறுவனத்தின் டோப்போவியூ தளத்தில் எல்லாத் தாள்களும் இலவசம். 1:62,500 அளவில் (தாளில் 1 செ.மீ. என்றால் தரையில் 625 மீட்டர்) பழைய தாள் ஒன்றையும், 1:24,000 அளவில் இரண்டு மூன்று தாள்களையும் இறக்குங்கள். ஜியோடிஃப் வடிவம்தான் நல்லது; பூமியில் எந்த இடம் என்ற குறிப்பு அந்தப் படக்கோப்பிலேயே இருக்கும். ஜேபெக் எடுத்தால் ஒவ்வொரு மூலையையும் கையால் பொருத்த வேண்டும்.

2. கியூஜிஐஎஸ் என்ற இலவச வரைபட மென்பொருளில் போட்டு, பழைய தாளை மேலே வைத்து, கீழே உள்ள தாள் தெரியும்படி பாதி ஒளிபுக விடுங்கள்.

3. இங்கே நிலம் சமதளம்; சமஉயரக் கோடுகளில் (ஒரே உயரமுள்ள இடங்களை இணைக்கும் கோடுகள்) அதிகம் கிடைக்காது. சாலைகளைப் பாருங்கள். ஒரு மைல் சதுரங்களாக அளந்த நிலம் இது. டெட்ராய்ட்டின் வடக்கு எல்லையே '8 மைல் சாலை'. பழைய தாளில் சதுரத்தின் ஓரமாக மட்டும் சின்னக் கறுப்புப் புள்ளிகள் இருக்கும்: பண்ணை வீடுகள். அப்புறம் பெரிய ஆலைகளைத் தேடுங்கள். போர்க்காலத்தில், 1941இல், இங்கே பண்ணை நிலத்தில் டாங்கி ஆலை எழுந்தது. 1956இல் ஜெனரல் மோட்டார்ஸ் தொழில்நுட்ப மையம் திறந்தது. வாரனின் மக்கள்தொகை 1960இல் 89,246, 1970இல் 1,79,260.

4. நான் தடுக்கி விழுந்த இடம் இதுதான். புதிய தாளில் வீடுகளைக் காணவில்லை! பழைய தாளில் புள்ளிகள் இருந்த இடத்தில் வெறும் இளஞ்சிவப்புப் பூச்சு. குடியிருப்பை இடித்துவிட்டார்கள் என்றே முதலில் முடிவுகட்டினேன். விஷயம் நேர்மாறு. வீடுகள் நெருங்கிவிட்டால் ஒவ்வொன்றாக வரைய மாட்டார்கள்; அந்தப் பரப்பு முழுவதற்கும் நிறம் பூசி, பள்ளி, தேவாலயம் போன்ற அடையாளக் கட்டடங்களை மட்டும் காட்டுவார்கள். ஆகவே புள்ளிகளை எண்ணாதீர்கள். இளஞ்சிவப்பின் ஓரத்தைத் தாளுக்குத் தாள் ஒரு கோடாக வரைந்துகொள்ளுங்கள். நகரம் நகர்ந்த பாதை அந்தக் கோடுகளில் தெரியும்.

5. ஊதா நிறம் கண்டால் மகிழுங்கள். பழைய தாளைத் திருத்தியபோது, வான்வழிப் படங்களைப் பார்த்துப் புதிதாகச் சேர்த்தவை அவை. வளர்ச்சியை வரைபடம் வரைந்தவர்களே பிரித்துக் காட்டியிருக்கிறார்கள்.

பின்சேர்க்கை: "என் கோடுகள் ஆண்டோடு பொருந்தவில்லையே?" என்று இருவர் கேட்டிருந்தார்கள். வலது கீழ் மூலையில் பெரிதாக இருக்கும் ஆண்டை மட்டும் நம்பாதீர்கள். இடது கீழ் மூலையின் பொடி எழுத்தில் வான்படம் எடுத்த ஆண்டு இருக்கும். சில சமயம் சில ஆண்டுகள் முந்தியது. கோட்டின் மேல் அந்த ஆண்டையே எழுதுங்கள்.