மட்டக்களப்பு வீட்டறைக்குள் போல் டான்ஸ்: முதல் ஆறு கிழமை

போல் டான்ஸ் என்றால் நட்டு நிற்கிற கம்பத்தைப் பிடித்து ஏறி, சுழன்று ஆடுகிற ஆட்டம். கம்பத்தில் எப்படி ஏறுவது என்றுதான் எனக்கு வருகிற மெசேஜ் எல்லாம் கேட்கின்றன. எப்படி இறங்குவது என்று இன்றுவரை ஒருவரும் கேட்டதில்லை. முதல் ஆறு கிழமையில் பழக வேண்டியது அதைத்தான்.

நான் பழகியது மெல்பேர்னில், படிக்கப் போன இடத்தில். வேலை முடிந்து தாதிமாரும் கணக்காளர்மாரும் பையைத் தோளில் கொளுவிக்கொண்டு வகுப்புக்கு வருவார்கள். திரும்பி வந்து கல்லடியில் எங்கள் வீட்டு அறையொன்றில் கம்பம் பூட்டி மூன்று வருசமாகிறது. இங்கே எனக்குப் பக்கத்தில் நின்று திருத்த ஆள் இல்லை. உங்களுக்கும் அப்படியென்றால் இது உங்களுக்குத்தான்.

ஒன்றை மட்டும் முதலே சொல்லிவிடுகிறேன். இன்று நாம் பழகுகிற பிடிகளையும் சுழற்சிகளையும் உருவாக்கியவர்கள் இரவு விடுதிகளில் ஆடிய பெண்கள். “இது விளையாட்டு, அது வேறு” என்று அவர்களைக் கழுவிவிடுகிற கதை எனக்குப் பிடிக்காது. விளையாட்டாகவும் இது வளர்ந்திருக்கிறதுதான்: 2009 இல் சர்வதேசச் சம்மேளனமே தொடங்கிவிட்டார்கள், உலகப் போட்டி நடக்கிறது. இந்தியாவின் மல்லர் கம்பம் இதற்கு ஒன்றுவிட்ட சகோதரம் மாதிரி. அதில் மரக் கம்பத்துக்கு ஆமணக்கெண்ணெய் பூசி ஏறுவார்கள். நம்மூரிலும் சித்திரை வருசத்துக்கு வழுக்கு மரம் ஏறுகிற பொடியன்மாருக்கு ஊரே கைதட்டும். அதே ஊரில் ஒரு பொம்பிளைப்பிள்ளை கம்பம் ஏறினால் என்ன கதைப்பார்கள் என்று உங்களுக்குத் தெரியும். யன்னலுக்குத் தடித்த சீலை போடுங்கள், விசயம் முடிந்தது.

படி 1: முகட்டைப் பாருங்கள்

வீட்டுப் பாவனைக்கான கம்பம் பெரும்பாலும் அழுத்திப் பூட்டுகிற வகை. ஜாக்கி மாதிரி நிலத்துக்கும் மேல்தட்டுக்கும் நடுவில் இறுகி நிற்கும், ஆணி துளை ஒன்றும் இல்லை. ஆகவே மேலே இருப்பது கொங்கிறீட் பிளேட்டாக இருக்க வேண்டும். ஓட்டு வீடு, சீற் வீடு, அதற்குக் கீழே பலகை அடித்த சீலிங் என்றால் இந்தக் கம்பம் வேண்டாம். இறுக்க இறுக்கப் பலகை மேலே போகும், நீங்கள் கீழே வருவீர்கள். அப்படியான வீட்டுக்கு அகலமான அடித்தட்டோடு தானாக நிற்கிற மேடைக் கம்பம் இருக்கிறது. விலையும் பாரமும் கூட.

பூட்டப்போகிற இடத்திலேயே நிலத்திலிருந்து பிளேட் வரை அளவெடுங்கள். நம் வீடுகளில் பிளேட் 10 அடியிலும் இருக்கும். சாதாரணக் கம்பம் ஏறக்குறைய 9 அடிக்குத்தான் வரும், நீட்டுத் துண்டு தனியாக வாங்க வேண்டும். மறுகா, கம்பம் வரப்போகிற புள்ளியில் கையை வைத்து, அந்தக் கையைத் தலைக்கு மேலே நீட்டியபடி நிலத்தில் படுங்கள். கால் பெருவிரல் எதுவரை போகிறதோ அந்தச் சுற்று முழுக்க வெற்றிடமாக இருக்க வேண்டும். அலுமாரி, கட்டில் கால், எல்லாவற்றையும் விட முக்கியமாக சீலிங் ஃபேன். எங்கள் வீடுகளில் பிளேட்டின் நட்டநடுவில் ஃபேன் தொங்கும். கம்பம் அதைவிட்டு விலக வேண்டும், ஆடும்போது நிலத்தில் வைக்கிற ஃபேனைப் போட்டுக்கொள்ள வேண்டும்.

காசு மிச்சம் பிடிக்க நானும் பார்த்தேன். வந்த புதிதில் ஒன்றரை இஞ்சி ஜிஐ பைப் ஒன்றை மேசனைக் கொண்டு பூட்டுவித்தேன். ஒன்றரை என்பது உள்ளளவு. வெளியளவு 48 மில்லிமீற்றருக்கு மேல். என் விரல்கள் சுற்றி வந்து பெருவிரலைத் தொடவே இல்லை. உள்ளங்கை முழுக்கச் சாம்பல் நிறம். மூன்றாம் நாள் தொடையில் நீளமாக ஒரு கீறல், பார்த்தால் பைப்பின் நீளத்துக்கும் ஒட்டுத் தழும்பு. படிக்கட்டுக் கைபிடிக்குப் போடுகிற ஸ்டெயின்லெஸ் குழாய் வழுவழுப்பாகத்தான் இருக்கும், ஆனால் தகடு மெல்லியது, ஆள் பாரம் சுழன்றால் வளையும். இதற்கென்று செய்த கம்பத்தை வாங்குங்கள். பாவித்ததாக இருந்தாலும் பரவாயில்லை, நெளிவு இல்லாமல் இருந்தால் சரி.

படி 2: எந்தக் கம்பம்

தடிப்பு 45 மில்லிமீற்றர். போட்டிக்கும் இதுதான், வகுப்புகளிலும் பெரும்பாலும் இதுதான். கை சின்னதென்றால் 40.

உலோகத்தில்தான் நம்ம ஊருக்கென்று ஒரு முடிவு எடுக்க வேண்டும். குரோம் எல்லா இடமும் கிடைக்கும், அழகாகப் பளபளக்கும், வியர்த்த கைக்கு வழுக்கும். பித்தளை பிடிப்புக் கூட, வெக்கைக்கு அதுதான் தோது. அடிக்கடி துடைக்காவிட்டால் கறுக்கும். குரோமுக்குக் கீழே இருக்கிற நிக்கல் சிலருக்குத் தோல் கடியைக் கொடுக்கும், அவர்களுக்கு ஸ்டெயின்லெஸ். நான் பித்தளை.

நிலையாகவும் சுழலவும் இரண்டு விதமாகவும் வைக்கிற கம்பங்களில் அடியில் ஒரு பூட்டுத் திருகு இருக்கும். ஆறு கிழமைக்கு அதைப் பூட்டியே வைத்திருங்கள். சுழல்கிற கம்பம் பார்க்க வடிவு, ஆனால் தலை சுற்றி இறங்க வழி தெரியாமல் தொங்குவீர்கள்.

பூட்டியபின் மட்டம் பாருங்கள். நான் தூக்குக்குண்டை இரண்டு பக்கத்தாலும் பிடித்துப் பார்த்தேன். ஒவ்வொரு முறை ஆட முன்னரும் கம்பத்தைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள், அசைந்தால் அன்றைக்கு முதல் வேலை இறுக்குவது. பக்கத்தில் போடுகிற ஸ்பொஞ்ச் மெத்தை இரண்டு துண்டாக இருந்தால் நடுவில் இடைவெளி விடாமல் சேர்த்துத் தையுங்கள், கணுக்கால் அதற்குள்தான் போய் மடங்கும். தும்பு மெத்தை வேண்டாம்.

படி 3: தோலும் உடுப்பும்

ஏன் கட்டைக் காற்சட்டை என்று அம்மா கேட்டா. முதலில் ஒரு நீளக் காற்சட்டையோடு கம்பத்தில் உட்கார முயன்று காட்டினேன், நேரே கீழே வந்துவிட்டேன். கம்பத்தைப் பிடிப்பது கை மட்டும் இல்லை. தொடை, முழங்கால் மடிப்பு, இடுப்பு, எல்லாம் தோலால் பிடிக்கிறது. துணி வழுக்கும். அதற்குப் பிறகு அவ கேட்கவில்லை.

ஆடுகிற நாள் உடம்பில் கிறீம் வேண்டாம். தலைக்குத் தேங்காய் எண்ணெய் வைத்தால் அது எப்படியும் கைக்கு வரும், கையிலிருந்து கம்பத்துக்குப் போகும். எண்ணெய் அடுத்த நாளைக்கு. மோதிரம், காப்பு, கொடி எல்லாம் கழற்ற வேண்டும்; மோதிரம் கம்பத்தையும் கீறும், விரலையும் நசுக்கும். ஃபாமசியில் வாங்குகிற சேர்ஜிக்கல் ஸ்பிரிட்டை ஒரு துணியில் தொட்டுக் கம்பத்தைத் துடையுங்கள், ஆடுகிற நடுவிலும்.

மார்கழி மழைக்குக் கம்பமே வியர்க்கும். ஆடியில் கச்சான் அடிக்கிறபோது தோல் காய்ந்து, அதுவும் பிடிக்காது. ஈரத் துணியால் தொடையை ஒருதரம் ஒற்றி எடுத்தால் சரியாகும். எனக்கு வருசம் முழுக்க ஒத்துவருவது விடிய ஐந்தரை மணி. ஏசி இருந்தால் கூடக் குளிரவைக்க வேண்டாம், சில்லென்ற உலோகத்தில் தோல் ஒட்டாது.

படி 4: தொங்குவதற்கு முன் தோள்

இதற்குத்தான் அதிக நேரம் செலவழியுங்கள். 15 நிமிடம் உடம்பைச் சூடாக்கிய பிறகு கம்பத்துக்குப் பக்கத்தில் நின்று, ஒரு கையை முகத்துக்கு மேலே வைத்துப் பிடியுங்கள். பெருவிரலும் சுற்றி வரட்டும். இப்போது முழங்காலை மெதுவாக மடித்துப் பாரத்தைக் கைக்கு விடுங்கள். தோள் காதடிக்கு ஏறுகிறதா? அதுதான் பிழை. அப்படியே தொங்கினால் பாரம் முழுக்கத் தோள் மூட்டின் நாரில் விழும்.

நிமிர்ந்து மறுபடி தொடங்குங்கள். இந்த முறை முழங்காலை மடிக்க முன்னமே தோளைக் கீழே இழுங்கள், முதுகுப் பலகையைப் பின்காற்சட்டைப் பையில் போடுவது போல. அக்குளுக்குக் கீழே ஒரு தசை எழும்பி இறுகும். மற்றக் கையால் தொட்டுப் பாருங்கள், தெரியும். அது இறுகியிருக்கிற வரைக்கும் தொங்கலாம். அது விட்டுப்போனால் கால் நிலத்துக்கு வர வேண்டும். ஒரு கைக்கு ஐந்து முறை, மற்றக் கைக்கும் ஐந்து முறை. கிழமைக்கு இரண்டு நாள் போதும், நடுவில் ஒரு நாளாவது ஓய்வு. தோளிலோ மணிக்கட்டிலோ பழைய காயம் இருந்தால், பிள்ளை வயிற்றில் இருந்தால், முதலில் டொக்டரிடம் கதையுங்கள்.

படி 5: நடை

கம்பம் வலப்பக்கம், வலக்கை உயர, முன்பாதத்தில் நின்று கம்பத்தைச் சுற்றி நடக்க வேண்டும். கை கம்பத்தைக் கட்டிப்பிடிக்காமல் நீட்டி இருக்கட்டும், உடம்பு வெளியே சாயட்டும். வெளிக்கால் நிலத்தை உரசி அரைவட்டம் போட்டு வரட்டும். பிறகு இடப்பக்கம். பலரும் ஒரு பக்கம்தான் பழகுகிறார்கள், மூன்று மாதத்தில் ஒரு தோள் பெருத்துப் போகும்.

கண்ணாடிக் குதியோடு ஏழு அங்குலச் சப்பாத்து எங்கே வாங்குவது என்று ஒருவர் கேட்டிருந்தார். மட்டக்களப்பில் கூத்துப் பழகுகிறவனுக்கு அண்ணாவியார் முதல் நாளே சதங்கை கொடுப்பதில்லை. தாளக்கட்டு காலில் ஊறிய பிறகுதான் சதங்கை அணி விழா. நீங்களும் வெறுங்காலோடு நடவுங்கள்.

படி 6: முதல் சுழற்சி

இதற்கு ஃபயர்மேன் என்று பெயர். கம்பம் வலப்பக்கம். வலக்கை முகத்துக்குச் சற்று மேலே, இடக்கை அதற்கடியில், கிரிக்கெட் மட்டை பிடிக்கிற மாதிரி. வலக்காலைக் கம்பத்தடிக்குப் பக்கத்தில் ஊன்றி, இடக்காலை அகல வீசிக் கம்பத்தைச் சுற்றிக் கொண்டுபோங்கள். அந்த வீச்சு உங்களை இழுக்கிற நேரம் வலக்காலும் நிலத்தை விடும். இரண்டு முழங்காலும் கம்பத்தை நடுவில் வைத்து நெரிக்கட்டும். பாக்குவெட்டிக்குள் பாக்கு அகப்பட்ட மாதிரி.

குதிக்காதீர்கள். எல்லாரும் செய்கிற பிழை குதித்துக் கம்பத்தில் போய் மோதுவது. சுற்றுகிற வேகம் காலின் வீச்சிலிருந்து வருகிறது. சுற்றி முடிந்து கால் நிலத்தைத் தொடுகிறபோது சத்தம் வரக்கூடாது. சத்தம் வந்தால் விழுந்திருக்கிறீர்கள்.

படி 7: ஏறி, உட்கார்ந்து, இறங்கி

கம்பத்துக்கு முகம் கொடுத்து நில்லுங்கள். வலப் பாதத்தை முழங்கால் பக்கமாக மடக்கி, கணுக்காலின் முன்பள்ளத்தைக் கம்பத்தில் கொளுவுங்கள். முன்னெலும்பு கம்பத்துக்குக் குறுக்கே படியும், முழங்கால் மறுபக்கம் நிற்கும். கைகளால் தொங்கி இடக்காலைக் கம்பத்துக்கு அங்காலே கொண்டுபோய்ப் பின்கெண்டையால் அழுத்துங்கள். கம்பம் இப்போது முன்னெலும்புக்கும் கெண்டைக்கும் நடுவில். காலை நீட்டினால் உடம்பு உயரும், கை மேலே போகும். தென்னை ஏறுகிறவர் தளைநாரில் கால் ஊன்றி எழும்புவதைப் பார்த்திருப்பீர்கள். அங்கும் தூக்குவது கால்தான்.

முதல் தடவை புறங்காலில் உயிர் போகும். இரண்டு மூன்று கிழமையில் மரத்துவிடும். நீலக் கண்டல்கள் வரும், வெட்கப்பட ஒன்றும் இல்லை.

ஒரே ஒரு எட்டு ஏறுங்கள். பாதம் கதிரை உயரத்துக்கு மேலே போக வேண்டாம். அங்கேயே தொடைகளால் கம்பத்தை இறுக்கி, ஒரு காலை மற்றதற்கு மேல் போட்டு உட்காருங்கள். கை கம்பத்திலேயே இருக்கட்டும். தொடை எரியும்.

இப்போது இறங்க வேண்டும். சறுக்கி வராதீர்கள், வெறும் தொடை கம்பத்தில் சறுக்கினால் தோல் உரியும். பழையபடி காலைக் கொளுவி, பாரத்தைக் கைக்கு எடுத்து, காலின் இறுக்கத்தைக் கொஞ்சமாக விட்டு ஒரு சாண் இறங்கி, மறுபடி இறுக்குங்கள். கை கீழே வரட்டும். மறுகா ஒரு சாண். ஏற ஒரு எண்ணிக்கை என்றால் இறங்க எட்டு எண்ணிக்கை. அம்மா முதலில் கதவடியில் நின்று “இறங்கு மனே, விழப்போறாய்” என்று கத்துவா. இப்போது வெங்காயம் உரித்தபடி எண்ணுறா: “ஆறு… ஏழு… அவசரப்படாத.”

தலைகீழாகத் தொங்குவது இந்த ஆறு கிழமைக்குள் இல்லை. பக்கத்தில் தெரிந்த ஆள் இல்லாமல் ஒருபோதும் இல்லை.

துணியில் தொங்குகிற ஏரியல் சில்க் பற்றியும் கேட்கிறீர்கள். மாமரக் கொப்பிலோ முகட்டு வளையிலோ கட்டி ஆட வேண்டாம். ஒரு வீழ்ச்சி நிற்கிற கணத்தில் உங்கள் பாரத்தின் பல மடங்கு மேலே இழுக்கும்; அதைத் தாங்குமா என்று கொப்பைப் பார்த்துச் சொல்ல யாராலும் ஏலாது. அது பொறியியலாளர் பார்த்த தூக்குப் புள்ளி உள்ள வகுப்பில் பழகுவது.

படி 8: கொஞ்சம் பேர்லெஸ்க்

இத்தனை நாள் எண்ணி எண்ணிச் செய்தவை உடற்பயிற்சி மாதிரி இருக்கும். ஆட்டமாக்க, பகிடியும் நளினமும் கலந்த மேடை ஆட்டமான பேர்லெஸ்கிலிருந்து ஒரு பயிற்சியை எடுத்துக்கொள்வேன். பேர்லெஸ்க் என்றால் உடுப்புக் கழற்றுவது என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். சொல்லே பகிடி என்று பொருள்படும் இத்தாலியச் சொல்லிலிருந்து வந்தது. 1868 இல் ஆங்கிலேய நடிகை லிடியா தொம்சன் தன் குழுவோடு நியூயோர்க்கில் இறங்கியபோது, ஆண்வேடம் கட்டிய பெண்கள் பெரிய இடத்துக் கதைகளை நையாண்டி செய்ததுதான் பரபரப்பு. 1933 சிக்காகோக் கண்காட்சியில் சாலி ராண்ட் என்கிற ஆட்டக்காரி இரண்டு தீக்கோழி இறகு விசிறியோடு ஆடினா. விசிறி எதை மறைக்கிறது என்பதில்தான் முழு ஆட்டமும்.

ஒரு சால்வையை எடுத்துத் தோளில் போடுங்கள். கம்பத்துக்கு முதுகு கொடுத்து நின்று, மெதுவான பாட்டொன்றில் 32 எண்ணிக்கைக்கு அதை ஒரு தோளிலிருந்து இறக்குங்கள். முன்னே இருக்கிற சுவரில் ஒரு ஆளை நினைத்துக்கொண்டு அவரைப் பாருங்கள், சால்வையைப் பார்க்காதீர்கள். பத்தாம் எண்ணிக்கையில் கை பதறும், இழுத்து முடித்துவிட மனம் சொல்லும். ஃபோனில் பதிந்து பாருங்கள், எங்கே அவசரப்பட்டீர்கள் என்று தெரியும். பிறகு நடை, ஒரு சுழற்சி, ஒரேயொரு காலடி ஏற்றம், எட்டு எண்ணிக்கை இறக்கம், திரும்பச் சால்வை. ஒரு நிமிட ஆட்டம் வந்துவிட்டது.

முடிந்ததும் வியர்வை காய முன்னர் கம்பத்தைத் துடையுங்கள். கம்பத்தில் துவாய் காயப்போட வேண்டாம் என்று வீட்டில் எல்லாருக்கும் சொல்லிவையுங்கள். எங்கள் வீட்டில் இன்னும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன்.