திட்டுவதற்குக்கூட பதில் போடாதீர்கள்: முன்பணம் கேட்கும் மின்னஞ்சல்களில் நாம் விடும் தவறுகள்

திருகோணமலையில் பல வீடுகளுக்கு வெளிநாட்டில் ஒரு சித்தப்பாவோ மச்சாளோ உண்டு. காசும் பார்சலும் வந்து பழகிய ஊர். அதனால் ‘உங்கள் பெயருக்கு லண்டனிலிருந்து ஒரு பெட்டி வந்திருக்கிறது’ என்று மின்னஞ்சல் வந்தால் நம்புவது சுலபம்.

கதை பலவிதம். லொத்தர் விழுந்திருக்கிறது, வாரிசில்லாமல் இறந்தவரின் சொத்தை எடுக்க உதவி வேண்டும், கனடாவில் வேலை தயார். எதுவானாலும் பெரிய தொகை கைக்கு வருமுன் நீங்கள் ஒரு சின்னத் தொகை கட்ட வேண்டும். 1980களில் இது நைஜீரியாவிலிருந்து கடிதமாகவும் ஃபேக்ஸாகவும் வந்தது. அந்நாட்டுக் குற்றவியல் சட்டத்தின் 419ஆம் பிரிவை வைத்து இன்றும் இதை ‘419 மோசடி’ என்கிறார்கள்.

முதல் தவறு, பதில் போடுவது. ‘நீ கள்ளன் என்று தெரியும்’ என்று எழுதினாலும் அந்த முகவரியில் ஆள் இருக்கிறார் என்பது அவர்களுக்குத் தெரிந்துவிடும். இவ்வளவு மோசமாகப் பொய் சொல்கிறார்களே, யார் நம்புவார் என்று தோன்றும். 2012இல் மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர் கோர்மாக் ஹெர்லி இதற்கு ஒரு விளக்கம் சொன்னார்: சந்தேகப்படுகிறவர்கள் ஆரம்பத்திலேயே விலகிவிட்டால் அவர்களோடு மினக்கெடத் தேவையில்லை, பதில் போடுகிறவர்களிடம் மட்டும் நேரம் செலவழிக்கலாம். ஆகவே பதில் போட்டவரை அவர்கள் சுலபத்தில் விடமாட்டார்கள்.

அடுத்தது, சின்னத் தொகைதானே என்று கட்டுவது. பார்சல் கதையைப் பாருங்கள். பேஸ்புக்கில் பழகிய ‘லண்டன் டொக்டர்’ நகையும் பவுண்ஸும் அனுப்பியதாகச் சொல்வார். அப்புறம் சுங்கத்திலிருந்து பேசுவதாக உள்ளூர் நம்பரில் ஓர் அழைப்பு வரும். தீர்வை கட்ட வேண்டும் என்று ஒரு தனி ஆளின் வங்கிக் கணக்கைத் தருவார்கள். கட்டியதும் பெட்டிக்குள் வெளிநாட்டுக் காசு இருக்கிறது, அபராதம் என்பார்கள். அதற்குப் பிறகு சட்டத்தரணி, சான்றிதழ். ஏற்கெனவே கட்டியது வீணாகிவிடுமே என்ற பயத்தில்தான் ஆட்கள் நகையை அடகு வைக்கிறார்கள். சுங்கத் திணைக்களம் தனி ஆளின் கணக்கில் தீர்வை கட்டச் சொல்வதில்லை. லொத்தர்க் கதையென்றால், அந்தக் கட்டணத்தைப் பரிசுப் பணத்திலேயே கழிக்கச் சொல்லி மனதுக்குள் ஒருமுறை கேட்டுப் பாருங்கள், கதை அங்கேயே உடைந்துவிடும்.

அடையாள அட்டைப் படத்தை அனுப்புவதும் ஆபத்து, உங்கள் பெயரில் வேறு யாரையாவது ஏமாற்ற அது போதும். இளம் பிள்ளைகளிடம் ஒன்று சொல்ல வேண்டும்: ‘உன் கணக்கில் காசு விழும், எடுத்துத் தா, கொமிஷன் தருகிறேன்’ என்றால் சம்மதிக்காதீர்கள். அது ஏமாந்தவர்கள் கட்டிய காசு, முறைப்பாடு வரும்போது பொலிஸ் முதலில் தேடி வருவது கணக்குக்காரரைத்தான்.

படிக்காதவர்தான் ஏமாறுவார் என்ற எண்ணமும் தவறு. 1995க்கும் 1998க்கும் இடையில் பிரேசிலில் ஒரு வங்கியின் மூத்த அதிகாரியே, இல்லாத ஒரு நைஜீரிய விமான நிலையத் திட்டத்துக்காக வங்கிப் பணத்தில் சுமார் 24 கோடி டொலரை அனுப்பினார்.

என் மனதை மிகவும் வருத்துவது, ஏமாந்தவர் வெட்கப்பட்டு வாயை மூடிக்கொள்வது. வீட்டில் யாராவது சொன்னால் தயவுசெய்து ஏசாதீர்கள். ஏச்சுக்குப் பயந்து மறைத்தால் காசு இன்னும் போகும். இழந்த பணத்தை மீட்டுத் தருகிறோம் என்று வேறு பெயரில் மறுபடி வருகிறவர்களும் உண்டு, அவர்களும் கட்டணம்தான் கேட்பார்கள்.

கட்டிவிட்டால் உடனே உங்கள் வங்கிக்குச் சொல்லுங்கள், காசு எடுக்கப்படுமுன் தடுக்க ஒரு வாய்ப்பாவது இருக்கும். கோபத்தில் மின்னஞ்சலையும் வட்ஸ்அப் செய்திகளையும் அழிக்காமல், பணம் போட்ட ரசீதோடு பொலிஸ் நிலையத்துக்குப் போங்கள். இலங்கை கணினி அவசர பதிலளிப்புக் குழுவின் 101 இலக்கத்துக்கும் அழைக்கலாம். வெளிநாட்டு வேலை என்றால், ஒரு சதம் கொடுக்குமுன் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் 1989 இலக்கத்தில் முகவருக்கு அனுமதிப்பத்திரம் இருக்கிறதா என்று கேளுங்கள்.