கடற்படைப் பயிற்சி எப்போது முடியும்? தேதியை நம்பிச் செய்யக் கூடாதவை

என் கணவர் சிங்கப்பூர்க் கடற்படையில் ரெகுலர், அதாவது தேசிய சேவைக்காக இல்லாமல் வேலையாகவே சேர்ந்தவர். அதனால் சொந்தத்தில் யாராவது பையன் கடற்படையில் சேர்ந்தால், அவனைக் கட்டிக்கொள்ளப் போகிற பெண் என்னிடம் வந்து "அக்கா, பயிற்சி எப்ப முடியும்?" என்று கேட்பாள். நாங்கள் அந்த வயதில் இடறிய இடத்திலேயே இவர்களும் இடறுவதைப் பார்க்க மனசு கேட்கவில்லை. புக் இன் நேரத்தை, அதாவது முகாமுக்குத் திரும்ப வேண்டிய நேரத்தை மறப்பது, பையில் எதையோ வைக்காமல் விடுவது எல்லாம் இரண்டு வாரத்தில் தானாகச் சரியாகிவிடும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

அடுத்தவர் கணக்கை வைத்து நாள் எண்ணுவது

தேக்கோங் தீவில் அடிப்படைப் பயிற்சி சுமார் 9 வாரம். உடற்தகுதித் தேர்வில் முன்கூட்டியே தேறாதவர்களுக்கு இன்னும் 8 வாரம் கூடும். எடை அதிகமென்றால் அதைவிட நீளும். அதற்குப் பிறகு பாதை பிரிகிறது: அதிகாரிப் பயிற்சிக்குத் தேர்வானவர் சாஃப்டி ராணுவப் பயிற்சிக் கழகத்துக்கு, மற்றவர்களில் பலர் சாங்கி கடற்படைத் தளத்துக்கு. ஒவ்வொரு கோர்ஸுக்கும் ஒரு நீளம். பக்கத்து புளோக் பையன் எப்போது கப்பலேறினான் என்பது உங்களுக்கு எதையும் சொல்லாது.

பயிற்சி முடியும் தேதிக்கு மண்டபம் பிடிப்பது

இதைத்தான் என்னால் இன்னும் பொறுக்க முடியவில்லை.

என் சின்னம்மா மகன் ரெகுலராகச் சேர்ந்தான். பெண் வீட்டில் கேட்டபோது, "மார்ச்சுல முடிஞ்சிடும்னு சொன்னாங்க" என்றான். யார் சொன்னார்கள், எழுத்தில் இருக்கிறதா, கோர்ஸ் முடிந்ததும் லீவ் உண்டா? ஒருவரும் கேட்கவில்லை. ஏப்ரலில் நல்ல முகூர்த்தம், அதை விட்டால் ஆடி வந்துவிடும் என்று பெரியவர்கள் அவசரப்பட்டார்கள். மண்டபத்துக்கு முன்பணம், சாப்பாட்டுக்கு முன்பணம், ஊரிலிருந்து நாதஸ்வரக்காரர்கள், பத்திரிகை எல்லாம் தயார்.

கோர்ஸ் நடுவில் அவனுக்கு முழங்காலுக்குக் கீழே எலும்பில் வலி. அந்த வலியோடு மருத்துவரிடம் போனால் ஸ்டேட்டஸ், அதாவது பயிற்சியிலிருந்து மருத்துவ விலக்கு கொடுப்பார்கள். பயிற்சி நாட்கள் அதிகம் விட்டுப்போனால் ஓஓசி (கோர்ஸிலிருந்து நீக்கம்), அப்புறம் அடுத்த அணியோடு முதலிலிருந்து. அவனுக்கு இது தெரியும். கல்யாணத் தேதி கண் முன்னால் நிற்கிறது. வலி மாத்திரை போட்டுக்கொண்டு ஓடினான். கடைசியில் எலும்பில் கீறல் விழுந்து, கோர்ஸிலிருந்தும் எடுத்துவிட்டார்கள். முகூர்த்த நாளன்று அவன் கால் கட்டோடு வீட்டில் இருந்தான். முன்பணம் எதுவும் திரும்பவில்லை. இரண்டு வீடும் ஒன்றையொன்று குறை சொன்னது.

பணம் போனதுகூடப் பரவாயில்லை. ஒரு தேதிக்காக ஒரு பிள்ளை தன் காலை மறைத்தானே, அதை நினைத்தால்தான் எனக்குக் கோபம் வருகிறது. பயிற்சித் தேதி என்பது கப்பல், பயிற்றுநர், வானிலை, உடல்நிலை எல்லாம் ஒத்துவந்தால் நடக்கிற திட்டம். அதை நம்பிப் பணம் கட்டாதீர்கள். எந்தக் கப்பல் என்று போஸ்டிங் வரட்டும், லீவுக்கு எழுத்தில் அனுமதி வரட்டும், அதற்கப்புறம் மண்டபத்துக்குப் போங்கள். தேதி மாற்ற விடுவார்களா என்று கேட்டு, அதையும் எழுத்தில் வாங்குங்கள்.

வருங்காலத் தம்பதி என்று வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடு எடுத்தவர்களுக்கு வேறு ஓர் அவசரம் உண்டு. சாவி வாங்கிய 3 மாதத்துக்குள் திருமணச் சான்றிதழ் காட்ட வேண்டும். அதற்குத் தாலி கட்டும் வரை காத்திருக்கத் தேவையில்லை. திருமணப் பதிவகத்தில் குறைந்தது 21 நாள் முன்னதாகத் தெரிவித்துவிட்டு, அவர் வீட்டிலிருக்கும் ஒரு நாளில் பதிவை முடித்துக்கொள்ளலாம். கோவில் கல்யாணத்தை லீவ் உறுதியானதும் வையுங்கள். நம் ஊரில் பல குடும்பங்கள் இப்படித்தான் செய்கின்றன, இதில் குறை ஒன்றுமில்லை.

பயிற்சி நிறைவு அணிவகுப்போடு எல்லாம் முடிந்தது என்று நினைப்பது

அதற்குப் பிறகுதான் கப்பல் வாழ்க்கை ஆரம்பம். புதிதாக ஏறியவர் கப்பலிலேயே வேலை பழகித் தேர வேண்டும். அந்தக் கப்பல் ஹவாயில் 2 ஆண்டுக்கு ஒருமுறை பல நாட்டுக் கடற்படைகள் சேர்ந்து நடத்தும் ரிம்பேக் பயிற்சிக்குப் போனால் வாரக்கணக்கில் பிரிவுதான்.

பதில் வரவில்லை என்று சண்டை போடுவது

கரையை விட்டுத் தூரம் போனால் சிக்னல் கிடையாது.

அவருடைய அம்மாவோடு பேசாமல் இருப்பது

அவசரம் என்றால் முகாமிலிருந்து கூப்பிடுவது அவர் எழுதிக் கொடுத்த நெருங்கிய உறவினரைத்தான். கல்யாணத்துக்கு முன்னால் அது பெரும்பாலும் அம்மாவோ அப்பாவோ. அத்தையின் எண் உங்கள் கைபேசியில் இருக்கட்டும்.

கப்பல் கிளம்பும் தேதியை இன்ஸ்டகிராமில் போடுவது

வேண்டவே வேண்டாம். வழியனுப்பும் படத்தைக்கூட.

தீபாவளிக்குக் கட்டாயம் வருவார் என்று இருந்துவிடுவது

பயிற்சிக் காலத்தில் பெரும்பாலும் புக் அவுட் (முகாமிலிருந்து வீட்டுக்கு வர அனுமதி) கிடைக்கும். கப்பலுக்குப் போன பிறகு டியூட்டி பட்டியல்தான் முடிவு செய்யும். சீனப் புத்தாண்டுக்கு என் கணவர் சீன நண்பர்களுடைய டியூட்டியை எடுத்துக்கொள்வார், தீபாவளிக்கு அவர்கள் இவருடையதை எடுப்பார்கள். பட்டியல் போட்ட பிறகு மாற்றுவது சிரமம், ஆகவே ஜனவரியிலேயே பேசி வைக்கச் சொல்லுங்கள்.