சீலர் விஷயத்தில் நாம் அசட்டையாக விடும் தவறுகள்

ரூட் கெனாலில் எந்த ஃபைல், எந்த மோட்டார் என்று கேட்டால் ஒரு மணி நேரம் பேசுகிறவர்கள், வேர்க் கால்வாயை அடைக்கும்போது சுவருக்கும் நிரப்பும் கோனுக்கும் இடையே உள்ள இடைவெளியை மூட என்ன சீலர் போடுகிறீர்கள் என்று கேட்டால் "டீலர் கொடுத்தது ஏதோ இருக்கு" என்கிறார்கள். மும்பையில் மாட்டுங்கா, செம்பூர், முலுண்ட் பக்கம் புதிதாக கிளினிக் போட்டிருக்கும் நம்ம ஊர் பிள்ளைகள் கேட்கும் சந்தேகங்களில் பாதி கடைசியில் இங்கேதான் வந்து நிற்கிறது. சீலர் என்பது வெறும் பசை இல்லை, பல்லுக்குள் போன பிறகு வேதிவினை நடந்து இறுகும் பொருள். அந்த வினை ஒவ்வொரு வகைக்கும் வேறு. இதை மறந்துவிட்டு எல்லாவற்றுக்கும் ஒரே கைப்பழக்கம் வைத்திருப்பதால்தான் முக்கால்வாசி தவறுகள் வருகின்றன.

பழைய துத்தநாக ஆக்சைடு - யூஜெனால் வகையையே எடுத்துக்கொள்ளுங்கள். யூஜெனால் துத்தநாகத்தோடு சேர்ந்து இறுகுகிறது, ஈரமும் சூடும் அதை வேகப்படுத்தும். மும்பையில் ஜூன் மாதம் மழை பிடித்துவிட்டால் காற்றிலேயே ஈரம், பவுடர் டப்பாவை மூடாமல் வைத்தால் அதுவும் ஈரம் குடிக்கும். சீக்கிரம் இறுகுகிறதே என்று சிலர் சீலர் கலக்கும் கண்ணாடி ஸ்லாபை ஃப்ரிட்ஜில் வைத்து எடுக்கிறார்கள், அது வெளியே வந்த மறுநிமிடமே வியர்க்கிறது, பொடித்துளியாகத் தண்ணீர் கோத்து நிற்கும், அதன் மேலேயே பவுடரைக் கொட்டிக் கலக்கினால் இறுகுவதைத் தள்ளிப்போடப் போய் இன்னும் அவசரப்படுத்தியதுதான் மிச்சம். ஏசி அறையின் சூட்டில் இருக்கும் ஸ்லாபை நன்றாகத் துடைத்துவிட்டு, பவுடரைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்தாலே போதும்.

இதில் இன்னொன்று, தண்ணியாகக் கலக்குவது. சீலரை வேருக்குள் ஏற்றும் சுருள் கருவியான லென்டுலோவில் சுலபமாக ஏறுகிறது என்று பாதியில் நிறுத்திவிடுகிறார்கள். அப்போது வினையில் சேராத யூஜெனால் மீந்து வேர் நுனித் திசுவை எரிச்சல்படுத்தும், கரைவதும் கூடும். ஸ்பேட்டுலாவைக் கலவையில் படுக்கவைத்து மெதுவாகத் தூக்கிப் பாருங்கள், சுமார் ஒரு அங்குலம் நூலாக இழுத்துக்கொண்டு வர வேண்டும். ஸ்பேட்டுலாவில் வழித்து எடுத்துச் சாய்த்தால் 10 முதல் 15 விநாடியாவது சொட்டாமல் நிற்க வேண்டும். காலேஜில் வைவாவுக்காகப் படித்த சோதனைதான், கிளினிக்கில் யாரும் செய்வதில்லை.

கால்சியம் சிலிக்கேட் சேர்ந்த பயோசெராமிக் சீலர் பக்கம் கதையே வேறு. கால்சியம் சிலிக்கேட் இறுகத் தண்ணீர் வேண்டும், சிரிஞ்சில் தயாராக வரும் வகையில் அந்தத் தண்ணீர் பல்லின் உள்சுவரான டென்டினின் நுண்குழல்களிலிருந்துதான் வர வேண்டும். எபாக்சி ரெசின் சீலர் போட்டுப் பழகிய கை, ஈரம் உறிஞ்சும் காகிதக் குச்சியான பேப்பர் பாயிண்ட்டை ஒன்றன்பின் ஒன்றாக விட்டு, ஆல்கஹாலும் ஊற்றி, எலும்பு மாதிரி காயவைத்துவிட்டு இதைப் போட்டால் எதை வைத்து இறுகும்? அதற்காகக் குளம் கட்டி விடவும் கூடாது. தேங்கிய தண்ணீரை எடுத்துவிட்டு, சுவரில் லேசான ஈரம் இருக்கும்போது நிறுத்துங்கள். கால்வாயைக் கழுவும் ஈடிடிஏ கரைசலைக் கடைசிக் கழுவலாக அப்படியே விட்டுவிடாதீர்கள், அது கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும் பொருள், இந்த வகை இறுகுவதைக் கெடுக்கும். பிறகு சுத்தமான தண்ணீரால் ஒருமுறை கழுவிவிடுங்கள். சிரிஞ்சு மூடியை இறுக்க மூடுவதும் முக்கியம், மும்பைக் காற்றின் ஈரத்திலேயே முனை கல்லாகிவிடும்.

ஏஎச் பிளஸ் மாதிரி எபாக்சி வகை கரைவது மிகக் குறைவு, நம்பி வைக்கலாம். ஆனால் அது நிதானமாக இறுகும். உடல் சூட்டில் குறைந்தது 8 மணி நேரம் என்று தயாரித்தவர்களே சொல்கிறார்கள், எனவே ஸ்லாபில் இன்னும் பிசுபிசுப்பாக இருக்கிறதே என்று பதற வேண்டாம். இரண்டு டியூபிலிருந்தும் சம அளவு பிதுக்காமல் கண்ணளவில் போடுவதுதான் இங்கே நடக்கும் தவறு.

வாங்கும்போது சீலர்களுக்கான சர்வதேசத் தரநிலையான ஐஎஸ்ஓ 6876 எண்களைப் பாருங்கள். படலத்தின் தடிமன் 50 மைக்ரானுக்கு மேல் போகக்கூடாது, கரைவது 3 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும், எக்ஸ்-ரேயில் குறைந்தது 3 மில்லிமீட்டர் அலுமினியம் அளவுக்கு வெள்ளையாகத் தெரிய வேண்டும். நன்றாக ஓடுகிறது என்று விளம்பரத்தில் போட்டிருந்தால் அது இருபக்கமும் வெட்டும் குணம், பக்கக் கிளைகளுக்குள் போகும், அதே வேகத்தில் நுனியைத் தாண்டியும் போகும். கீழ்த்தாடை இரண்டாம் கடைவாய்ப்பல்லில் நரம்புக் கால்வாய் பக்கத்திலேயே இருக்கிறது. "பயோசெராமிக்தானே, திசுவுக்கு நல்லது" என்று அழுத்தித் தள்ளாதீர்கள், இறுகும்போது அதன் பிஹெச் 10-க்கு மேல் ஏறும், நரம்பின் மேல் விழுந்தால் அதுவும் சேதம்தான். பாராஃபார்மால்டிஹைடு கலந்த பேஸ்ட்டுகளைப் பற்றி விவாதிக்கவே எதுவும் இல்லை. எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வாங்காதீர்கள்.

கால்வாயை நிரப்பும் ரப்பர் போன்ற கட்டா பெர்ச்சாவைச் சூடாக்கி வைக்கும் முறை செய்பவர்கள், உங்கள் சீலர் அந்தச் சூட்டைத் தாங்குமா என்று கையேட்டைப் படித்துவிட்டுச் செய்யுங்கள். சில வகைகளில் ஓடும் தன்மையும் இறுகும் நேரமும் மாறிவிடும்.

யூஜெனால் சீலர் போட்ட பல்லில் அப்படியே ரெசின் சிமென்ட் வைத்து, பல்லைத் தாங்க வேருக்குள் நிறுத்தும் ஃபைபர் போஸ்ட்டை ஒட்டுவதும் அடிக்கடி நடக்கிறது. யூஜெனால் ரெசின் இறுகுவதைத் தடுக்கும், சுவரைச் சுத்தமாகச் சுரண்டிக் கழுவாமல் ஒட்டினால் போஸ்ட் கையோடு வரும். முன்பற்களில் ஈறு மட்டத்துக்குக் கீழே ஓரிரு மில்லிமீட்டர் வரை மிச்ச சீலரைத் துடைத்து எடுங்கள். எபாக்சிக்கு ஆல்கஹால் நனைத்த பஞ்சு, பயோசெராமிக்குக்கு இறுகுவதற்கு முன் ஈரப் பஞ்சு. விட்டால் பல் நிறம் மாறும்.

அப்புறம், பயோசெராமிக் போட்டு ஒற்றைக் கட்டா பெர்ச்சா கோன் வைக்கும்போது அந்தக் கோன் முழு நீளத்துக்கும் போயிருக்க வேண்டும். நுனியில் சீலர் மட்டும் நின்று இறுகிவிட்டால் எந்தக் கரைப்பானுக்கும் அசையாது, ரிட்ரீட்மென்ட், அதாவது மறுசிகிச்சை செய்பவர் அதற்குள் பாதை போடத் திணறுவார். இன்று தாராவியிலிருந்து வருகிற நோயாளி நாளை திருநெல்வேலியில் வேறொரு டாக்டரிடம் அந்தப் பல்லைத் திறக்க வேண்டி வரலாம். கேஸ் ஷீட்டிலும் அவர் கையில் கொடுக்கும் சீட்டிலும் சீலர் பெயரை ஒரு வரி எழுதிவிடுங்கள்.