எல்ம் போன்சாயும் வடக்குக் குளிரும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவின் மினசோட்டா, கனடாவின் ஒட்டாவா மாதிரியான குளிர்ப் பகுதிகளில் எல்ம் போன்சாய் (தொட்டியில் குட்டையாக வளர்க்கும் எல்ம் மரம்) பெரும்பாலும் ஜனவரியில் சாகிறது. ஆனால் அது தெரியவருவது மே மாதத்தில்தான். மொட்டு விரியும், கொஞ்ச நாள் பச்சையாக நிற்கும், அப்புறம் திடீரென்று வாடிக் கருகும். கிளையில் மிச்சமிருந்த சத்தை வைத்துத் துளிர்த்த மரம் அது, வேர் எப்போதோ போய்விட்டது. அந்த நேரத்தில் பூச்சி மருந்தும் உரமும் வாங்கி ஊற்றிப் பயனில்லை.

இதற்கு முக்கியக் காரணம் ஸோன் எண்ணை (எந்தச் செடி எந்த ஊர்க் குளிரைத் தாங்கும் என்று காட்டும் எண்; எண் குறையக் குளிர் கூடும்) அப்படியே நம்புவது. அமெரிக்க எல்ம் ஸோன் 3, சைபீரிய எல்ம் ஸோன் 4 என்று படித்துவிட்டு, நம்ம ஊரும் ஸோன் 4தானே என்று மரத்தை வெளியே மேடையிலேயே விட்டுவிடுகிறார்கள். அமெரிக்க வேளாண் துறையின் கணக்கில் ஸோன் 4 என்றால், ஆண்டின் மிகக் குளிர்ந்த இரவு சராசரியாக மைனஸ் 34க்கும் மைனஸ் 29 டிகிரி செல்சியஸுக்கும் இடையில் இருக்கும். அந்த எண் தரையில் நிற்கும் மரத்துக்கு உரியது. மேலே மைனஸ் 30 இருந்தாலும், முழங்கால் அளவு பனிக்கு அடியில் மண் பூஜ்ஜியத்தை ஒட்டியே இருக்கும். ஐந்து சென்டிமீட்டர் ஆழத் தொட்டிக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. எல்லாப் பக்கமும் காற்றுதான். கிளை தாங்கும் குளிரில் பாதியைக்கூட வேர் தாங்காது. அதிலும் இளம் நார்வேர்கள்தான் முதலில் சாகும். தொட்டி மரத்துக்கு ஊரின் ஸோன் எண்ணில் இரண்டைக் கழித்துக்கொள்வது வளர்ப்பவர்களிடையே பழக்கத்தில் உள்ள கணக்கு. சீன எல்முக்கு இன்னும் தாராளமாகக் கழிக்க வேண்டும், குறிப்பாக கேட்லின் போன்ற சிற்றிலை வகைகளுக்கு.

பயந்துபோய் வரவேற்பறைக்குள் கொண்டுவருவது அடுத்த தவறு. சீன எல்ம் இதை ஓரளவு சமாளிக்கும். அமெரிக்க எல்மும் சைபீரிய எல்மும் சமாளிக்காது. அவற்றுக்கு பூஜ்ஜியத்திலிருந்து 7 டிகிரி வரையிலான குளிரில் பல வாரங்கள் உறக்கம் வேண்டும். ஹீட்டர் ஓடும் வீட்டில் அந்த உறக்கம் கிடைக்காமல் மரம் வருடா வருடம் நலியும்.

மைனஸ் 4க்கும் 4க்கும் இடையில், அதிகம் ஏறி இறங்காத ஓர் இடம்தான் தேவை. மண் உறைவதால் மட்டும் ஒன்றும் ஆகிவிடாது. கடுங்குளிரும், உறைந்து உருகி மறுபடி உறைவதும்தான் வேரைக் கொல்கின்றன. அதனால் தெற்குச் சுவரோரம் இதமாக இருக்கும் என்று வைப்பது தப்புக்கணக்கு. பிளாஸ்டிக் கூடாரமும் அப்படித்தான். பிப்ரவரியில் ஒரு வெயில் நாளில் உள்ளே 20 டிகிரி ஏறிவிடும். அதற்குள் மரத்தின் குளிர்த்தேவை தீர்ந்திருக்கும், கொஞ்சம் சூடு கிடைத்தால் விழித்துக்கொள்ளும். விழித்த மரத்துக்குக் குளிர் தாங்கும் சக்தி போய்விடும். ஆனால் இரவில் மறுபடி மைனஸ் 20.

வீட்டோடு ஒட்டிய, ஹீட்டர் இல்லாத கராஜ் நல்ல இடம். இலை இல்லாத மரத்துக்கு வெளிச்சம் தேவையில்லை, இருட்டு என்று கவலைப்பட வேண்டாம். கதவருகே அலமாரியில் வைக்காமல், வீட்டுச் சுவரை ஒட்டித் தரையில் வைக்கலாம். பத்து டாலர் தெர்மாமீட்டர் ஒன்றும் பக்கத்தில் இருக்கட்டும். தனியாக நிற்கும் கராஜ் வெளியே இருக்கும் அளவுக்கே குளிர்ந்துவிடும். அதைவிட வீட்டின் வடக்கு அல்லது கிழக்குப் பக்கம் தொட்டியை விளிம்புவரை மண்ணில் புதைத்து, கீழ்க்கிளை வரை மரத்தூள் மூடாக்குப் போடுவது மேல். மேலே விழும் பனியைத் தட்டிவிடாதீர்கள், அதுதான் போர்வை.

மூடாக்குப் போட்டால் எலி வரும், சந்தேகமே வேண்டாம். வயல் எலி ஒரே இரவில் அடிமரப் பட்டையைச் சுற்றிக் கடித்துவிட்டால் மேலே உள்ளதெல்லாம் போச்சு. 6 மில்லிமீட்டர் கண் உள்ள கம்பி வலையை அடிமரத்தைச் சுற்றிக் கட்டிவிடுங்கள்.

தண்ணீரை மறப்பதும் கொல்லும். ஈரமண் உறையும்போது வெப்பத்தை வெளிவிட்டு, பூஜ்ஜியத்தை ஒட்டி நெடுநேரம் நிற்கும். காய்ந்த மண் சட்டென்று கீழே போய்விடும். அதனால் உறைபனி தொடங்கும் முன் நன்றாக ஊற்றுங்கள். கராஜில் இருந்தால் இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை தொட்டுப் பாருங்கள். உறைந்திருந்தால் மண்மேல் ஒரு கை பனியை அள்ளிப் போட்டால் போதும், உருகும்போது தானே இறங்கும்.

அவசரமும் வேண்டாம். முதல் உறைபனியிலேயே உள்ளே கொண்டுபோனால் மரம் குளிருக்குப் பழகாது. இலை உதிர்ந்து, சில லேசான உறைபனிகளைக் கண்ட பிறகு உள்ளே வைக்கலாம். ஆகஸ்ட் கடைசிக்குப் பிறகு தழைச்சத்து உரமும் கடும் கவாத்தும் கூடாது. அதில் வரும் இளந்தளிர் முற்றுவதற்குள் குளிர் வந்துவிடும்.

தொட்டி விஷயம்: குறைந்த சூட்டில் சுட்ட மண்தொட்டி வெடிக்கும். வாய் குறுகி உள்ளே வளைந்த தொட்டி எவ்வளவு நல்லதானாலும் வெடிக்கலாம், விரியும் பனிக்கட்டிக்கு மேலே போக வழியில்லை.

வசந்தத்தில் மொட்டு உப்பத் தொடங்கும் முன்பே வெளியே எடுத்துவிட்டால், துளிர்ப்பதும் ஊர்ப் பருவத்தோடு சேர்ந்து நடக்கும். இருட்டிலேயே துளிர்விட்டால் தண்டு வெளிறி நீளும். அப்புறம் மே நடு வரைக்கும் பகலில் வெளியே, இரவில் உள்ளே என்று தூக்கிச் சுமக்க வேண்டியதுதான். அந்த வசந்தத்தில் தொட்டி மாற்றி வேர் வெட்டிய மரமாக இருந்தால் இன்னும் கவனம் வேண்டும், புது வேர் பிடிக்கும்வரை இரவு வெப்பநிலை பூஜ்ஜியத்துக்குக் கீழே போகாத இடத்தில்தான் அது இருக்க வேண்டும்.