நாராயணாவா, நாராயணாயவா? மந்திரம் சொல்லும்போது நேரும் தவறுகள்

திருப்பாதிரிப்புலியூர் பாடலீசுவரர் கோயில் பிரகாரத்தில் மாலை வேளையில் உட்கார்ந்தால், 108-ஐ முடிக்கும் அவசரத்தில் உதடுகள் ஓடுவது கேட்கும். எண்ணிச் சொல்வதில் பிழையில்லை. மனம் அலையாமல் பிடித்து வைக்கத்தான் அந்த எண்ணிக்கை. ஆனால் ஓடுகிற ஓட்டத்தில் முதலில் உதிர்வது சொல்லின் கடைசி எழுத்து. அதோடு பொருளும் போய்விடுகிறது.

‘ஓம் நமோ நாராயணா’ என்றே பலரும் சொல்கிறார்கள். ‘நாராயணாய’ என்று முடிய வேண்டும். தமிழில் ‘கு’ உருபு செய்யும் வேலையை அங்கே ‘ஆய’ செய்கிறது: நாராயணனுக்கு வணக்கம். ‘ய’வை விட்டால் அது வெறும் அழைப்பு, எட்டெழுத்தும் ஏழாகிவிடும். ‘நமசிவாய’வும் அப்படித்தான், சிவனுக்கு வணக்கம். கல்லோடு கட்டிக் கடலில் எறியப்பட்ட அப்பர் இந்த ஐந்தெழுத்தைத் துணையாகக் கொண்டு கரையேறியது நம் கடலூர்க் கரையில்தான் என்பார்கள். கரையேறவிட்டகுப்பம் என்ற பெயர் அந்த நினைவில் நிற்கிறது.

தமிழ் எழுத்தில் அச்சான புத்தகத்தை அப்படியே படிப்பது அடுத்த தவறு. க, ச, ட, த, ப எழுத்துகளின் அருகே 2, 3, 4 என்று பொடியாக இருக்கும் எண்கள் ஒலி வேறுபாட்டைக் காட்டுபவை. காயத்ரியின் ‘தீமஹி’யை நெருப்பு என்று நினைத்தே பல ஆண்டுகள் சொன்னவர்களை எனக்குத் தெரியும். தியானம் என்ற சொல்லுக்கு உறவான ‘தீ’ அது. தனியாக உட்கார்ந்து சொன்னாலும் அந்த மந்திரம் ‘நம் அறிவைத் தூண்டட்டும்’ என்று பன்மையில்தான் கேட்கிறது. இதைச் சொன்னால் பணம் வரும், அதைச் சொன்னால் வேலை கிடைக்கும் என்ற பலன் பட்டியல்கள் எங்கிருந்து வந்தனவோ!

தமிழில் இருந்துவிட்டால் மட்டும் பொருள் தானே வந்துவிடுமா? வடலூரில் ‘தனிப்பெருங்கருணை’ என்று ஓதுகிறோம். கருணை என்று வள்ளலார் எதைச் சொன்னார் என்பதை, பசித்தவர்களுக்குச் சோறிட 1867-இல் அவர் தொடங்கிய தருமசாலையின் அடுப்பருகே ஐந்து நிமிடம் நின்றவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

எனக்கு நேர்ந்த தவறு மிருத்யுஞ்ஜய மந்திரத்தில். புதுச்சேரியில் ஒரு மருத்துவமனையில் அப்பா கடைசி வாரத்தில் இருந்தபோது அதை விடாமல் சொன்னேன். ‘சாகவிடாதே’ என்பதே அதன் பொருள் என்று எண்ணியிருந்தேன். அவர் போனதும், மந்திரம் பொய்த்துவிட்டது என்று ஓராண்டு அதைத் தொடவே இல்லை. பிறகு வடமொழி ஆசிரியர் ஒருவர் சொல் சொல்லாகப் பிரித்துக் காட்டினார்.

‘உர்வாருகமிவ பந்தனாத்’: வெள்ளரிப்பழம் தன் கட்டிலிருந்து விடுபடுவதுபோல. ‘ம்ருத்யோர் முக்ஷீய’: மரணத்திலிருந்து விடுபடுவேனாக. ‘மா அம்ருதாத்’: அமுதத்திலிருந்து விடுபட வேண்டாம். கடைசி இரண்டும் சேர்ந்து ‘மாம்ருதாத்’ ஆகிறது. ‘மாம்’ என்று நிறுத்தினால் ‘என்னை’ என்று பொருள் மாறிவிடும்.

கோடையில் சாலையோரம் விற்கும், வெடித்த வெள்ளரிப்பழத்தைப் பார்த்திருப்பீர்கள். காயாக இருக்கும்போது இழுத்தால் கொடியும் சேர்ந்து வரும். பழுத்துவிட்டால் காம்பு தானே விட்டுவிடும். அப்படி நோகாமல் விடவேண்டும் என்பதே அந்த வேண்டுதல். தெரிந்திருந்தால், அன்று அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு வேறு குரலில் சொல்லியிருப்பேன்.